மாத்திரையா, பேச்சா, பரிசோதனையா, பொறுத்திருப்பதா? மருத்துவமனைக் கட்டிலில் சோர்ந்துபோன முதியவருக்கு எந்த வழி

இடுப்பு எலும்பு முறிந்து அறுவைச் சிகிச்சை முடிந்த ஒன்பதாம் நாள் காலையில், பிசியோதெரபிஸ்ட் வாக்கரைக் கொண்டுவந்து கட்டிலருகே நிறுத்தியபோது, என் பெரியம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, "இனிமே நடந்து எங்க போகப் போறேன்" என்றார். அவருக்கு வயது 76. கால் நூற்றாண்டுக் காலம் சத்துணவு அமைப்பாளராக இருந்து, பள்ளிக்கு வந்திருக்கும் தலைகளை ஒரு பார்வையில் எண்ணி, அதற்குத் தக்கபடி அரிசியை அளந்து போட்டவர். முதல் நாள் இரவு என்ன சாப்பிட்டார் என்று கேட்டதற்கு, "தெரியலப்பா, எதுவும் ஞாபகத்துல நிக்கிறதில்ல" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார்.

அன்று மாலைக்குள் எங்கள் முன்னால் நான்கு யோசனைகள் வந்து நின்றன. மனச்சோர்வுக்கான மாத்திரை ஒன்றைத் தொடங்கிவிடலாம் என்றார் பணியில் இருந்த இளம் மருத்துவர். வயதானால் இப்படித்தான், வீட்டுக்குப் போனால் சரியாகிவிடும், எதையும் கிளற வேண்டாம் என்றார் அண்ணன். வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் பேசிய அக்கா, இது டிமென்ஷியா எனும் மறதிநோயாக இருக்கலாம், டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன்பே ஸ்கேனும் நினைவாற்றல் பரிசோதனையும் எடுத்துவிடுங்கள் என்றாள். டிரிப் மாற்ற வந்த சிஸ்டர், "யாராவது ஒருத்தர் பக்கத்துல உக்காந்து பேசிக்கிட்டே இருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். மருந்துத் தாள்களையும் நோயாளர் ஒப்புதல் படிவங்களையும் தமிழாக்குவது என் பிழைப்பு. நான் மருத்துவன் அல்லன் என்றாலும், இந்த நான்கையும் பற்றிப் படித்து, மருத்துவர்களிடம் கேட்டு, ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது.

நான்கையும் எடைபோடுவதற்கு முன் ஒன்றைத் தீர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. மருத்துவமனையில் படுத்திருக்கும் முதியவர் பேசாமல், சாப்பிடாமல், மறந்துகொண்டே இருந்தால், அது மனச்சோர்வாகவும் இருக்கலாம், மறதிநோயாகவும் இருக்கலாம், டெலிரியம் எனப்படும் திடீர்க் குழப்பநிலையாகவும் இருக்கலாம். டெலிரியம் என்றதும், ஊசிக் குழாயைப் பிடுங்கி எறிந்து இரவெல்லாம் கத்தும் நோயாளிதான் நம் நினைவுக்கு வருகிறார். ஆனால் அதற்குச் சத்தமில்லாத ஒரு வடிவமும் உண்டு. அதில் நோயாளி மந்தமாகி, கண் அயர்ந்து, கேட்டதற்கு மட்டும் அரைகுறையாகப் பதில் சொல்லிக்கொண்டு கிடப்பார், பார்ப்பவர்கள் மனம் உடைந்துவிட்டது என்று எண்ணிக்கொள்வார்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், அடக்கப்படாத வலி, இரத்தத்தில் சோடியம் இறங்குவது, புதிதாகச் சேர்த்த மருந்து என்று அதற்குப் பெரும்பாலும் உடம்பில்தான் காரணம் இருக்கும்.

பெரியம்மாவுக்கு ஐந்தாம் நாள் இரவு அப்படி ஒன்று வந்துதான் போயிருந்தது. போர்வை நூலைப் பிய்த்துக்கொண்டு, அரிசி மூட்டை வந்து இறங்கிவிட்டதா என்று கேட்டுக்கொண்டிருந்தார். சிறுநீர்த் தொற்றுக்கு மருந்து கொடுத்த பின் இரண்டு நாளில் தெளிந்தது. ஒன்பதாம் நாள் காண்பது அதன் மிச்சமா, வேறொன்றா என்பதற்கு மருத்துவர் கட்டிலருகிலேயே ஒரு சிறு சோதனை செய்தார். வயது, பிறந்த தேதி, இருக்கும் இடம், நடப்பு ஆண்டு ஆகியவற்றைக் கேட்டுவிட்டு, டிசம்பரிலிருந்து மாதங்களைப் பின்னோக்கிச் சொல்லச் சொன்னார். பெரியம்மா அக்டோபரில் தடுமாறினார். "பங்குனியில இருந்து சொல்லட்டுமா?" என்று அவரே கேட்டுவிட்டுச் சித்திரை வரை தவறில்லாமல் வந்து சேர்ந்தார். கவனம் சிதறாமல் இருக்கிறதா என்பதைத்தான் அந்தச் சோதனை பார்க்கிறது என்பதால் மருத்துவருக்கு அது போதுமானதாக இருந்தது. டெலிரியம் மணிக்கணக்கில் ஏறி இறங்கும், மனச்சோர்வு வாரக்கணக்கில் நீடிக்கும், மறதிநோய் மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் மெல்ல வளரும். இந்தக் கால அளவை மனத்தில் வைத்துக்கொண்டு வீட்டார் சொல்லும் விவரம் பல நேரங்களில் ஸ்கேனைவிட மருத்துவருக்கு உதவுகிறது. அது டெலிரியமாகவே இருந்திருந்தால், மேலே சொன்ன நான்கு வழிகளில் எதற்கும் அப்போது இடமில்லை, காரணத்தைத் தேடிச் சரிசெய்வது ஒன்றுதான் வேலை.

அடுத்தது, மனச்சோர்வு எந்த அளவில் இருக்கிறது என்பது. இதை அளக்க ஒன்பது கேள்விகள் கொண்ட பிஎச்க்யூ-9 படிவம் பரவலாகப் பயன்படுகிறது. கடந்த இரண்டு வாரங்களில் தூக்கம், பசி, களைப்பு, அசைவில் மந்தம் ஆகியவை எப்படி இருந்தன என்று அதில் கேட்கப்படுகிறது. அறுவைச் சிகிச்சை முடிந்து வார்டில் கிடப்பவருக்கு, மனம் நன்றாக இருந்தாலும் இந்த நான்கிலும் புள்ளி ஏறிவிடும். 27க்கு 5 வந்தாலே லேசான மனச்சோர்வு என்று கணக்கிடும் அந்தப் படிவம், எலும்பு முறிவு வார்டில் பாதிப் பேரைச் சோர்வுற்றவர்களாகக் காட்டிவிடுமோ என்று எனக்குத் தோன்றியது. முதியோருக்கென்றே 1980களில் உருவாக்கப்பட்ட ஜிடிஎஸ் அளவுகோல் இந்தச் சிக்கலைத் தெரிந்தே தவிர்த்தது. உடல் உபாதைகளைப் பெரும்பாலும் விட்டுவிட்டு, மனநிலையையே ஆம், இல்லை என்ற விடைகளில் கேட்கும் அதன் சுருங்கிய வடிவில் 15 கேள்விகள் உண்டு. 5க்கு மேல் வந்தால் கவனிக்க வேண்டும் என்பது வழக்கம். மற்றவர்களைவிட உங்களுக்கு மறதி அதிகம் என்று நினைக்கிறீர்களா என்பது அதில் ஒரு கேள்வி, உங்கள் நிலைமைக்கு விடிவே இல்லை என்று தோன்றுகிறதா என்பது இன்னொன்று. மறதி பற்றிய புலம்பலும் எதிர்காலம் அடைபட்டுப்போன உணர்வும் மனச்சோர்வின் உறுப்புகளாகவே அந்தப் படிவத்தில் இடம்பெற்றிருக்கின்றன.

மொழிபெயர்ப்பாளனாக இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கையில் இருந்த தமிழ்த் தாளில் அந்தக் கேள்வி, "உங்கள் நிலைமை நம்பிக்கையற்றது என்று கருதுகிறீர்களா?" என்று அச்சாகியிருந்தது. பெரியம்மா சற்று வெகுண்டு, "நம்பிக்கை இல்லாமலா? முருகன் இருக்கான்" என்றார். தாளின்படி அது 'இல்லை'. "இந்தக் கால் சரியாகி, பழையபடி வீட்டுல நடமாடுவோம்னு தோணுதா பெரியம்மா?" என்று நான் மாற்றிக் கேட்டபோது, "அதெல்லாம் எங்கப்பா" என்றார். கடவுள் மேல் இருக்கும் நம்பிக்கையும் நாளை மேல் இருக்கும் நம்பிக்கையும் தமிழில் ஒரே சொல்லாக இருப்பதை அந்தத் தாளைத் தமிழாக்கியவர் கவனிக்கவில்லை, கவனித்தும் வேறு சொல் கிடைக்காமல் விட்டிருக்கலாம். மருத்துவர் திருத்திக் கூட்டியபோது 15க்கு 7 வந்தது, அதாவது லேசான அளவு. இனி வரும் ஒப்பீடு முழுவதும் அந்த அளவைப் பற்றியதுதான். நடுத்தர, கடுமையான மனச்சோர்வுக்கு இதே முடிவுகளைப் பொருத்திப் பார்க்கக் கூடாது.

அண்ணன் சொன்ன வழியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலும் நடப்பது அதுதான். அதில் பாதி சரி. லேசான மனச்சோர்வு, அதற்குக் காரணமான நெருக்கடி விலகும்போது தானாகவே தணிவதுண்டு. மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் இங்கிலாந்தின் நைஸ் நிறுவனம் 2022ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதலும், கடுமை குறைந்த மனச்சோர்வில் நோயாளி உடனடிச் சிகிச்சை வேண்டாம் என்றால் பொறுத்துப் பார்க்கலாம் என்கிறது. ஆனால் இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் மீண்டும் பார்த்து மதிப்பிட வேண்டும் என்றும் சேர்த்தே சொல்கிறது. அண்ணன் சொன்ன பொறுமையில் அந்தத் தேதி இல்லை. அவர் வாதத்தின் மறுபாதியான 'வயதானால் இப்படித்தான்' என்பது உண்மையும் அல்ல. முதுமையில் மனம் எதில் நாட்டம் கொள்கிறது என்பதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்த லாரா கார்ஸ்டென்சன் போன்றவர்கள் கண்டது, காலம் குறைவு என்று உணரும் முதியவர்கள் தமக்கு நெருக்கமானவர்களிடமும் இனிமையானவற்றிடமும் கூடுதலாகக் கவனம் செலுத்துகிறார்கள் என்பதைத்தான். எனவே வாரக்கணக்கில் எதிலும் பிடிப்பில்லாமல் கிடப்பதை வயதின் கணக்கில் எழுதிவிட முடியாது. அதோடு, இடுப்பு முறிவுக்குப் பின் முதல் சில வாரங்களில் எழுந்து நடப்பதைப் பொறுத்துத்தான் பிற்காலம் அமைகிறது. மனம் சோர்ந்தவர் வாக்கரைத் தொட மறுத்தால் தசை கரைகிறது, தசை கரைந்தால் நடை போகிறது, நடை போனால் சோர்வுக்கு நியாயமான காரணமே கிடைத்துவிடுகிறது. வெறுமனே காத்திருப்பதற்கு உடம்பு கொடுக்கும் விலை இது.

அக்கா சொன்ன வழி எனக்குத் தொடக்கத்தில் மிகவும் பொறுப்பானதாகத் தோன்றியது, இப்போது அந்த எண்ணம் மாறிவிட்டது. மனச்சோர்வில் இருப்பவருக்கு நினைவுச் சோதனை வைத்தால் மதிப்பெண் குறையத்தான் செய்யும், அறுவைச் சிகிச்சை, வலி மருந்து, தூக்கமின்மை எல்லாம் சேர்ந்தால் இன்னும் குறையும். பிறகு அந்த எண் கேஸ் ஷீட்டில் ஏறி, டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டிக்கொண்டு, அவர் போகும் இடமெல்லாம் அவருக்கு முன்னே போய் நிற்கும். சோர்வால் வரும் மறதிக்கும் மறதிநோய்க்கும் உள்ள வேறுபாட்டைக் கட்டிலருகில் இருப்பவர்கள் ஓரளவு கண்டுகொள்ளலாம். சோர்ந்தவர் "தெரியல" என்று முயலாமலே விட்டுவிடுகிறார், தன் மறதியைப் பற்றித் தானே புலம்புகிறார், குறிப்புக் கொடுத்தால் விடையை எட்டிப் பிடிக்கிறார். மறதிநோய் உள்ளவர் பெரும்பாலும் மறதி இருப்பதாகவே ஒப்புக்கொள்வதில்லை, எதையாவது சொல்லிச் சமாளிக்கிறார், குறிப்புக் கொடுத்தாலும் அது அவருக்குப் பெரிதாக உதவுவதில்லை. இரவு என்ன சாப்பிட்டீர்கள் என்பதற்குத் தெரியல என்ற பெரியம்மாவிடம் "ரசமா, சாம்பாரா?" என்று கேட்டேன். "ரசம். உப்பே இல்ல" என்றார்.

படிப்பும் இதில் குறுக்கே வரும். உலகெங்கும் பயன்படும் எம்எம்எஸ்இ என்ற 30 மதிப்பெண் சோதனை 1975இல் அமெரிக்காவில் உருவானது. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிப்பது, ஒரு வாக்கியம் எழுதுவது போன்றவை அதில் உண்டு. பள்ளிக்கே போகாத முதியவரிடம் அதை நீட்டுவது அநியாயம் என்பதை உணர்ந்துதான் அரியானாவின் பல்லப்கர் பகுதியில் மேரி கங்குலி குழுவினர் 1990களில் இந்திய வடிவம் ஒன்றை அமைத்தார்கள். அதில் வாக்கியம் எழுதுவதற்குப் பதிலாக, உங்கள் வீட்டைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்கிறார்கள். சென்னையும் வேலூரும் பங்கேற்ற 10/66 என்ற பன்னாட்டு ஆய்வும், படிப்பறிவு குறைந்தவர்களை மறதிநோயாளிகள் என்று தவறாக முத்திரை குத்தாத முறையைத் தேடியதுதான். ஆகவே வார்டில் எந்தத் தாளை வைத்துச் சோதிக்கிறார்கள் என்று கேட்பது வீட்டாரின் உரிமை.

இதற்காக மறதியைக் கண்டுகொள்ளாமல் விடலாம் என்று பொருளில்லை. விழுவதற்கு முன்பே, சில மாதங்களாகவே, காசுக் கணக்குத் தவறுவது, பழகிய தெருவில் வழி தடுமாறுவது, சொன்னதையே அரை மணிக்குள் திரும்பச் சொல்வது போன்றவை இருந்திருந்தால் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. பெரியம்மாவிடம் அவை இருக்கவில்லை. தவிரவும், முதுமையில் மனச்சோர்வோடு வந்த மறதி, சோர்வு நீங்கியதும் சரியாகிவிட்டாலும், அப்படிப்பட்டவர்களுக்குப் பின்னாளில் மறதிநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல் என்று மருத்துவ இலக்கியம் சொல்கிறது. ஆகவே சோதனை தேவைதான், மனம் தெளிந்த பிறகு, மூன்று மாதம் போல் கழித்து. வார்டிலேயே உடனே பார்க்க வேண்டியவை வேறு: இரத்தத்தில் சோடியம், ஹீமோகுளோபின், தைராய்டு, வைட்டமின் பி12 ஆகியவை. இவற்றில் எது குறைந்தாலும் அல்லது கெட்டாலும் சோர்வும் மறதியும் ஒன்றாக வரும், செலவும் ஸ்கேன் அளவுக்கு ஆகாது. கண்ணாடியையும் காது மெஷினையும் வீட்டில் வைத்துவிட்டு வந்திருக்கிறோமா என்றும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. எங்கள் வீட்டில் கண்ணாடி ஏழு நாள் அலமாரியில்தான் இருந்தது.

மாத்திரைக்கு வருகிறேன். முதியோருக்கு முதலில் எழுதப்படுபவை பெரும்பாலும் செர்ட்ராலின், எஸ்சிட்டலோப்ராம் வகை மருந்துகள். இவை பழக்கத்துக்கு அடிமையாக்கும், மூளையை மழுங்கடிக்கும் என்ற பயம் நம்மிடையே இருக்கிறது, அது பெருமளவு தூக்க மாத்திரைகளைப் பற்றிய பயம் இடம் மாறி வந்ததுதான். நடுத்தர, கடுமையான மனச்சோர்வில் இந்த மருந்துகள் எத்தனையோ முதியவர்களை எழுப்பி உட்கார வைத்திருக்கின்றன. லேசான அளவில்தான் கணக்கு மாறுகிறது. அங்கே மருந்தே இல்லாத போலி மாத்திரையைக் காட்டிலும் இவற்றின் பலன் அதிகம் என்று உறுதியாகச் சொல்வது கடினம். மேலே சொன்ன நைஸ் வழிகாட்டுதலும், நோயாளியே விரும்பினால் ஒழியக் கடுமை குறைந்த மனச்சோர்வுக்கு மாத்திரையை முதல் வழியாக வழக்கமாகத் தர வேண்டாம் என்கிறது.

முதியவரின் உடம்பில் அதற்கான விலையும் தனி. இந்த மருந்துகள் இரத்தத்தில் சோடியத்தைக் குறைக்கக்கூடும். ரத்தக் கொதிப்புக்கு நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்களுக்கு அந்த அபாயம் கூடும். சோடியம் இறங்கினால் களைப்பும் குழப்பமும் தள்ளாட்டமும் வரும், அதைப் பார்த்து மனச்சோர்வு முற்றிவிட்டது என்று அளவைக் கூட்டவும் நேரலாம். ஆஸ்பிரினோடு சேர்ந்தால் இரத்தக்கசிவு அபாயம் உயர்கிறது. கீழே விழும் வாய்ப்பும் கூடுகிறது, ஏற்கெனவே விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டு வந்தவருக்கு இது சின்ன விஷயம் அல்ல. பெரியம்மா நீர் மாத்திரையும் எடுத்துக்கொண்டிருந்தார், ஆஸ்பிரினும் எடுத்துக்கொண்டிருந்தார். இவற்றையெல்லாம் கவனித்து, தொடங்கிய ஓரிரு வாரத்தில் சோடியம் பார்த்து, குறைந்த அளவில் தொடங்கி மெல்ல ஏற்றினால் மருந்தைப் பாதுகாப்பாகவே கொடுக்கலாம், கொடுக்கவும் செய்கிறார்கள். எனக்கு உறுத்தியது வேறு. முதியவர்களிடம் பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரங்கள்கூட ஆகலாம், வார்டில் இருப்பதோ பத்து நாள். தொடங்குபவர் எலும்பு வார்டில் இருக்கும் மருத்துவர், பலனைப் பார்க்க வேண்டியவர் யார் என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் எங்கும் எழுதியிருப்பதில்லை. அதனால் ஒன்று, பத்து நாளில் 'ஒண்ணும் கேக்கல' என்று நிறுத்தப்படுகிறது, இல்லையேல் மருந்துக்கடையில் பழைய சீட்டைக் காட்டி ஐந்து ஆண்டு வாங்கப்படுகிறது. மாத்திரையைத் தேர்ந்தெடுப்பவர்கள் மறுபரிசோதனைக்கு ஒரு மருத்துவரின் பெயரையும் தேதியையும் சேர்த்தே வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஆல்ப்ரஸோலம் போன்ற தூக்க மாத்திரையை, "ராத்திரி நல்லா தூங்கட்டும்" என்று மனச்சோர்வுக்கு மாற்றாகக் கொடுப்பதை இந்த ஒப்பீட்டில் ஒரு வழியாகவே நான் சேர்க்கவில்லை. முதியவர்களுக்கு அது நினைவையும் நடையையும் சேர்த்தே கெடுக்கிறது. ஞாபக சக்தி டானிக்குகளைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை.

சிஸ்டர் சொன்ன நான்காவது வழிதான் என்னை அதிகம் படிக்க வைத்தது. பேசிக்கொண்டே இருங்கள் என்பதை ஆறுதல் சொல்வது என்று எடுத்துக்கொண்டால் அதில் பலன் குறைவு. "எல்லாம் சரியாயிடும் பெரியம்மா" என்று ஒரு நாளில் இருபது பேர் சொல்லிவிட்டார்கள், ஒவ்வொரு முறையும் அவர் இன்னும் கொஞ்சம் சுவர்ப்பக்கம் திரும்பினார். எதைப் பேசுவது என்பதற்கு ஆய்வுகள் காட்டும் திசை சுவையானது. டொராண்டோவில் நினைவாற்றல் ஆய்வாளர் எண்டல் டல்விங் பல ஆண்டுகள் ஆராய்ந்த கே.சி. என்ற நோயாளி, 1981இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் மூளையில் அடிபட்டவர். தன் வாழ்வில் நடந்த எந்த ஒரு நிகழ்ச்சியையும் அவரால் நினைவுகூர முடியவில்லை. நாளை என்ன செய்வீர்கள் என்று கேட்டபோது அதையும் அவரால் கற்பனை செய்ய இயலவில்லை, இரண்டும் ஒரே வெறுமையாகத்தான் இருந்தன. நேற்றைக் கோப்பதும் நாளையைக் கோப்பதும் மூளையில் பெரும்பகுதி ஒரே பட்டறையில் நடக்கும் வேலை என்பது அதன்பின் பல வழிகளில் உறுதியாயிற்று. முதுமையில் இயல்பாகவே இரண்டிலும் நுணுக்கங்கள் குறைகின்றன என்று 2008இல் டோனா ஆடிஸ் குழுவினர் காட்டினார்கள்.

மனச்சோர்வு இதன் மேல் வந்து அமர்கிறது. ஒரு சொல்லைக் கொடுத்து அதோடு தொடர்புடைய ஒரு நிகழ்ச்சியைச் சொல்லுங்கள் என்றால், சோர்ந்த மனம் குறிப்பிட்ட ஒரு நாளுக்குப் போகாமல், "எப்பவுமே கஷ்டம்தான்", "பிள்ளைங்க கூட இருந்தா நல்லாத்தான் இருக்கும்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. உளவியலாளர் மார்க் வில்லியம்ஸ் இதை 1986இல், தற்கொலைக்கு முயன்று மீண்டவர்களிடம் கண்டார். நேற்றைப் பொதுவாகச் சொல்பவர்கள் நாளையையும் பொதுவாகவே சொல்கிறார்கள் என்பதைப் பத்து ஆண்டு கழித்து அவரும் உடன் ஆய்வாளர்களும் காட்டினார்கள். இன்னொன்றையும் ஆண்ட்ரூ மெக்லியோட் கவனித்திருக்கிறார். எதிர்காலம் இருண்டிருக்கிறது என்பவர்களிடம் கெட்டதைப் பற்றிய எதிர்பார்ப்பு மிகுந்திருப்பதைவிட, நல்லதைப் பற்றிய எதிர்பார்ப்பு வற்றிப்போயிருப்பதே முக்கியமாகத் தெரிகிறது. "இனி என்ன" என்ற சொல்லுக்குள் இருப்பது பெரும்பாலும் பயம் அல்ல, காலியான இடம்தான்.

ஸ்பெயினில் செரானோவும் உடன் ஆய்வாளர்களும் 2004இல் வெளியிட்ட ஒரு சிறு ஆய்வில், சோர்வின் அறிகுறிகள் உள்ள 65 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் வாரம் ஒரு முறை வீதம் நான்கு வாரம், குழந்தைப் பருவம், இளமை, நடுவயது என்று வரிசையாக, குறிப்பிட்ட நிகழ்ச்சிகளை மட்டும் கேட்டார்கள். அப்படிப் பழகியவர்களிடம் குறிப்பான நினைவுகள் கூடின, சோர்வும் நம்பிக்கையிழப்பும் குறைந்தன. இது 43 பேரை வைத்துச் செய்த ஆய்வு என்பதையும் மறக்கக் கூடாது. நமக்கு இன்னும் நெருக்கமான சான்று கோவாவில் இருக்கிறது. நோய் என்று சொல்லும் அளவை எட்டாத சோர்வு கொண்ட, 60 வயதைத் தாண்டிய 181 பேரில் ஒரு பிரிவினருக்கு, மனநல மருத்துவர்கள் அல்லாத, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் உதவினார்கள். பிரச்சினைகளைச் சிறு துண்டுகளாக உடைத்துத் தீர்க்கவும், தூக்கத்தைச் சீராக்கவும், சர்க்கரை நோய் போன்றவற்றைப் பேணவும், அரசு உதவிகளைப் பெறவும் அவர்கள் கற்றுக்கொடுத்தார்கள். ஓராண்டில் முழு மனச்சோர்வு நோய்க்கு ஆளானவர்கள் அந்தப் பிரிவில் 4.4 விழுக்காடு, வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 14.4 விழுக்காடு. லேசான கட்டத்தில் மாத்திரை இல்லாமலே பெரும் நோயைத் தடுக்க முடியும் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான சான்று என் கண்ணில் படவில்லை.

இந்த வழிக்கும் விலை உண்டு, அதைப் பணத்தால் கொடுக்க முடியாது. தினமும் ஒருவர் அரை மணி நேரம், கைப்பேசியைப் பையில் போட்டுவிட்டு உட்கார வேண்டும். கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். நினைவைக் கிளறும்போது அழுகையும் வரும், இறந்துபோனவர்கள் வருவார்கள். கசப்பான ஒன்றிலேயே மனம் சுற்றிச் சுற்றி வந்தால் வீட்டார் தாமே தொடர்வது சரியல்ல, பயிற்சி பெற்றவரிடம் விட்டுவிட வேண்டும். அடுத்த கட்டிலில் இருந்த பாட்டிக்கு மகன் மதியம் சாப்பாட்டுக் கூடையோடு வந்து பத்து நிமிடம் நின்றுவிட்டு வேலைக்கு ஓடிக்கொண்டிருந்தார். அவரிடம் போய் இந்த வழிதான் சிறந்தது என்று சொல்ல எனக்கு வாய் வராது. அப்படிப்பட்ட வீட்டில், முறையாகக் கண்காணிக்கப்படும் மாத்திரையே நேர்மையான தேர்வாக இருக்கலாம்.

நாங்கள் பேச்சையும் தேதியிட்ட காத்திருப்பையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்தோம். மருத்துவரும் ஒப்புக்கொண்டு, ஆறு வாரத்தில் ஜிடிஎஸ் மீண்டும் எடுப்பதாகவும், அப்போது புள்ளி ஏறியிருந்தால் மாத்திரை தொடங்குவதாகவும் சம்மரியிலேயே எழுதிக் கொடுத்தார். பத்தாம் நாள் மாலை, சத்துணவுக் கூடத்தைப் பற்றிக் கேட்டேன். "அதென்ன, தினமும் சோறாக்குனோம், போட்டோம்" என்றார். ஒரு நாளைச் சொல்லுங்கள், மழை பெய்த ஒரு நாள் என்றேன். வெகுநேரம் கழித்து, விறகு நனைந்து போய், புகையில் கண் எரிய, பதினோரு மணிக்குக் கொதிக்க வேண்டிய உலை ஒரு மணி வரை கொதிக்காமல் இருந்ததும், பிள்ளைகள் தட்டைத் தாளம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததும், ஆயா தன் வீட்டுக் கூரையிலிருந்து காய்ந்த ஓலையை உருவிக்கொண்டு வந்ததும் ஒவ்வொன்றாக வந்தன. அவர் குரல் ஏறியதை நான் கவனித்தேன். அன்று நாளையைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. மறுநாள், வீட்டுக்குப் போனதும் முதலில் எந்த அடுப்பில் என்ன வைப்பீர்கள் என்று கேட்டதற்கு, "நின்னு சமைக்கவா முடியும்?" என்று சொல்லிவிட்டு, சற்றுக் கழித்து, "ஸ்டூல் போட்டு உக்காந்தா ரசம் வைக்கலாம்" என்றார். அன்று மாலை வாக்கரைப் பிடித்துக் கதவு வரை போய் வந்தார்.

எந்தக் கட்டத்தில் இந்த ஒப்பீட்டையே ஓரம்வைத்துவிட்டு மனநல மருத்துவரை உடனே பார்க்க வேண்டும் என்பதையும் அண்ணனும் நானும் எழுதிவைத்துக்கொண்டோம். சாப்பாட்டையோ மருந்தையோ முற்றிலும் மறுப்பது, தனக்குத் தண்டனை கிடைக்கிறது, குடலே அழுகிவிட்டது என்பது போல உறுதியாக நம்பிப் பேசுவது, முன்பு ஒருமுறை கடுமையான மனச்சோர்வு வந்திருப்பது, சாவைப் பற்றிய பேச்சு ஆகியவை அந்தப் பட்டியலில் உண்டு. "போய்ச் சேர்ந்துட்டா தேவல" என்பதை நம் பாட்டிகள் பேச்சோடு பேச்சாகச் சொல்வதுண்டு. அதனால்தான் அதைக் கேட்டும் கேட்காமல் விட்டுவிடுகிறோம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறதா, அதற்கு ஏதேனும் வழி யோசித்திருக்கிறீர்களா என்று நேராகக் கேட்டுவிட வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையின் 14416 என்ற எண்ணில் தமிழிலும் பேசலாம். நடைப்பயிற்சிக்கு மருத்துவமனைக்கு அலைய முடியாதவர்களுக்கு, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது. சென்னைக்கு அருகில் இருப்பவர்களுக்கு 2024இல் கிண்டியில் திறக்கப்பட்ட 200 படுக்கைகள் கொண்ட தேசிய முதியோர் நல மருத்துவமனையும் இருக்கிறது. எலும்பு, மனம், மறதி மூன்றையும் ஒரே கூரையின் கீழ்ப் பார்க்கும் வசதி அங்கே கிடைப்பது பெரிய நிம்மதி.

ஆறு வாரத்தில் எடுத்த ஜிடிஎஸ் 4. மூன்று புள்ளி இறக்கம் பேச்சால் வந்ததா, வீட்டுக்கு வந்ததால் வந்ததா, வலி குறைந்ததால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. அண்ணன் வீட்டால்தான் என்கிறார், நான் வாதாடவில்லை. மறதி பற்றிய கேள்விக்கு இன்னும் 'ஆம்' என்றுதான் சொல்கிறார். மூன்றாம் மாத நினைவாற்றல் பரிசோதனைக்கு நாள் வாங்கியிருக்கிறோம், அதற்கு உடன் வர அக்கா டிக்கெட் எடுத்துவிட்டாள். தினசரி காலண்டரில் அந்தத் தாளை மடித்து, பெரியம்மா தன் கையால் "மக வருது" என்று எழுதி வைத்திருக்கிறார். பரிசோதனை என்று எழுதவில்லை.